தேங்காயெண்ணெய் போட்ட வயர்

மக்களே, உங்கள் சித்தியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்கள் இருவரும் திருவட்டாற்றுக்குப் போயிருந்தபோது, இங்கே நம் வீட்டில் டீவி ஏன் மக்கர் செய்தது என்று கேட்டீர்கள். "வயர் லூசு" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

உங்கள் அம்மாவுக்கு அப்போது காலில் மாவுக்கட்டு. அவள் வழுக்கி விழுந்ததில் போனும் அடிபட்டு, திரையில் பாதி கறுப்பாகிவிட்டது. என்னிடம் இருப்பது பட்டன் போன். புது வீட்டு அடுப்பில் பால் பொங்கும்போது தன் அக்காதான் நாக்கைச் சுழற்றி முதல் குரவை இட வேண்டும் என்று சித்திக்கு ஆசை. "காரு பிடிச்சாவது போயிரலாம்" என்றாள் அம்மா. "கால ஊணப்பிடாதுன்னுல்லா டாக்டர் சொன்னாரு? டீவியில பெருசா காட்டித் தாறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

நம் டீவியில் வயர் சொருக ஒரு துளைதான் வேலை செய்யும். அதனால் கேபிள் பெட்டி, சிடி பிளேயர், போன் படத்தை டீவிக்கு அனுப்பும் ஸ்டிக் மூன்றையும், பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்து, அதிலிருந்து ஒரே வயரை டீவிக்குக் கொடுத்திருந்தேன். எல்லாம் என் கைவேலை.

ஒன்பதரைக்குள் பால் பொங்க வேண்டும். ஒன்பதேகாலுக்கு அம்மாவின் போனில் உங்கள் வீடியோ கால் வந்தது. குரல் கேட்டது. டீவியில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்துதான் நின்றது. பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கினேன். ரிமோட்டைத் தட்டினேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். மூன்று வயரையும் ஒரே நேரத்தில் பிடித்து ஆட்டினேன்.

"தையல் மெஷின்ல நூலு அறுந்தா நான் இப்படியா எல்லாத்தையும் ஒண்ணிச்சுப் பிடிச்சு ஆட்டுகேன்?" என்றாள் அம்மா. "ஒண்ணொண்ணா கழத்திப் பாருங்க."

சின்னப் பெட்டியை விலக்கிவிட்டு, கேபிள் பெட்டியின் வயரை நேராக டீவியில் சொருகினேன். படம் வந்தது. அப்படியென்றால் டீவிக்கு ஒன்றுமில்லை. அந்த வயரைக் கழற்றிவிட்டு ஸ்டிக்கைச் சொருகினேன். வரவில்லை. அதன் முனையை வெளிச்சத்தில் பார்த்தேன். பிசுபிசுப்பு. அதில் ஒட்டிச் செத்த எறும்புகள். சின்னப் பெட்டியின் துளைகளிலும் அப்படியே.

"என்ன, எண்ணெ மணக்குது?" என்றாள் அம்மா.

கடற்காற்றில் எதுவும் துருப்பிடிக்கும் என்று பூட்டுக்கும் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் தேங்காயெண்ணெய் போடுகிறவன் நான். போன மாதம் சின்னப் பெட்டியை மாட்டியபோது, அதற்கும் ஸ்டிக்குக்கும் கூட விரலால் தொட்டுத் தடவியிருந்தேன்.

"வயருக்குமா எண்ணெ? அப்பளமும் பொரிச்சிருக்கலாமே!" அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

போனில் சித்தியின் குரல் கேட்டது. "அத்தான், படம் தெளிஞ்சா? பாலு ஏறுது, தீயக் குறைச்சு வச்சிருக்கேன். ரொம்ப நேரம் நிக்காது கேட்டேளா!"

பஞ்சால் முனையை அழுந்தத் துடைத்தேன். ஊதினேன். திரும்பச் சொருகினேன். திரை ஒரு நிமிடம் கறுத்து நின்று, பிறகு சித்தியின் அடுக்களை முழுதாக விரிந்தது. மூலையில் உன் பெருவிரல், மகளே, பானையை விடப் பெரிதாக.

"ஏட்டி, விரல எடு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் விரல் விலகவும் பால் பொங்கி வழியவும் சரியாக இருந்தது. கட்டுப் போட்ட காலை முக்காலியில் வைத்தபடியே அவள் குரவையிட்டாள். அங்கே சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். நான் டீவியில் பார்த்தேன்.

மதியம் அம்மா அயர்ந்து தூங்கியதும், சின்னப் பெட்டியின் துளைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் உலரத் துடைத்து வைத்தேன். டீவிக்குப் பின்னால் நான் வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மாவுக்கட்டு பிரித்ததும் அவள் திறந்துகொண்டு நடக்க வேண்டிய வாசல் கேட்டின் கீலில் இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் போகும்வரை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, குப்பியை அடுக்களையில் கொண்டு வைத்தேன்.