தரையில் வைத்த காபி

மூன்று நாட்களாக நான் அந்தத் துக்கப் பந்தலில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்கு வந்தவன் துக்கப்பட வேண்டும். எனக்கு அதற்கு நேரமே இல்லை. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால், போலீஸா, செத்துப்போன பையனின் ஆட்களா என்று எட்டிப் பார்ப்பேன். பேரீச்சம்பழப் பெட்டி இறக்க வந்த வண்டி என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

இறந்தவர் ஃபவ்வாஸ் அண்ணன். எங்கள் ஊர் மஃப்ரக்கில் லாரி ஓட்டுகிறவர்களில் அவரைத் தெரியாதவன் கிடையாது. பாக்தாத், பஸ்ரா, ஜித்தா, பெய்ரூத், அந்தப் பக்கம் துருக்கி வரைக்கும் முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். அதில் கடைசிப் பதினோரு வருடம் மாற்று டிரைவராக அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவன் நான், நாயிஃப். மாற்று டிரைவர் என்றாலும் எல்லையிலிருந்து சஃபாவி ஊர் வழியாக வரும் ரோட்டில் மட்டும் ஸ்டியரிங்கை என் கையில் தரவே மாட்டார். இரண்டு பக்கமும் கறுப்புக் கல் வெளி. எந்தத் தடத்திலிருந்து எவன் வண்டியை விடுவான் என்று தெரியாது. திங்கட்கிழமை நடுப்பகலில் எங்கள் லாரி அந்த ரோட்டில்தான் ஒரு தண்ணீர் வண்டியை அடித்துக் கவிழ்ந்தது. அண்ணன் போனார். தண்ணீர் வண்டியை ஓட்டி வந்த தலால் என்கிற இருபத்துநாலு வயதுப் பையனும் போனான். எனக்கு நெற்றியில் ஏழு தையல்.

அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லையே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டதே அப்படி. "ஃபவ்வாஸ் அந்த ரோட்டுல வண்டிய யாருக்கும் குடுக்க மாட்டாரே. நீ சீட்டுக்குப் பின்னால படுத்திருந்தியா?" ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒரே ஒரு ஆட்டல். அதற்குள் ஊர் முழுக்கக் கதை ஆகிவிட்டது: ஃபவ்வாஸ் ஓட்டும்போது தூங்கிவிட்டார்.

விபத்து என்றால் எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் செத்தவன் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள், பாதி நேரம் அந்த வீட்டார் மன்னித்தும் விடுவார்கள். உண்மையை ஒளித்தவனை மன்னிக்க மாட்டார்கள். அவனோடு அவன் அண்ணன் தம்பிகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எனக்கு மூன்று அண்ணன்கள், அவர்களுக்குப் பதினேழு பிள்ளைகள். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் இது விபத்தோடு போயிருக்கும். நாள் போகப் போக என் வாய் இன்னும் இறுகியது. கோழைப் பயல் நான், வேறென்ன சொல்ல.

இதில் கொடுமை என்னவென்றால், வந்தவர்களெல்லாம் அண்ணனைப் பற்றி என்னிடமே வந்து பேசினார்கள். அண்ணனின் பழைய கூட்டாளி முஃப்லிஹ், அவரும் லாரிக்காரர்தான், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாலும் பொண்ணாப் பொறந்துச்சா, நாங்க கிண்டலுக்கு அபு ஷாஹீன், ஷாஹீனோட அப்பன்னு வராத பையன் பேரச் சொல்லிக் கூப்புட்டோம். திரும்பிக்கூடப் பாக்கல மனுஷன். 'என் வீட்டுல மூத்தது ரீம். நான் ரீமோட அப்பன்'னுட்டாரு. அன்னையிலருந்து ஊரே அபு ரீம்னுதான் கூப்புட்டுச்சு."

எல்லையில் சரக்குக் காகிதம் முடித்துத் தரும் இல்யாஸ் மாதபாவிலிருந்து வந்திருந்தார். கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு அவரும் சொன்னார்.

"பாஸ்போர்ட்டுக்குள்ள அட்டையில வெட்டின பாதம் மடிச்சு வச்சிருப்பாரு, நாலு. செருப்பு வாங்குறதுக்கு அளவு. வருஷா வருஷம் புதுசா வெட்டிப்பாரு. ஒரு தடவ சோதனைக்காரன், 'இது என்னய்யா?'ன்னு கேட்டான். 'எம்பொண்ணுங்க காலு. ஊர் ஊரா எங்கூடவே வருது'ன்னாரு. அவன் சிரிச்சுக்கிட்டே சோதிக்காம விட்டுட்டான். எனக்கு அன்னைக்கு வேலை மிச்சம்!"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அந்த நாலு அட்டைகளும் அப்போது என் சட்டைப் பையில் இருந்தன. உடைந்த கண்ணாடிக்கு நடுவில் கிடந்ததை எதற்கென்று தெரியாமல் பொறுக்கி வைத்திருந்தேன்.

"எல்லையில ரெண்டு நாள் வரிசையில நின்னாலும் கண்ண மூட மாட்டாரு," என்றார் முஃப்லிஹ். "வீட்டுலயும் அப்படித்தான். படுத்துக் கெடக்குறதோட சரி, தூக்கமே இல்லன்னு ரீமோட அம்மா எத்தனை தடவ திட்டியிருக்கு! அப்பேர்ப்பட்ட ஆளு ஸ்டியரிங்ல தூங்கிட்டாருன்னா... விதி. வேறென்ன?"

அண்ணனின் தம்பி ஹாயல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போறேன். எங்க ஆளு கண்ணசந்துட்டாரு, தப்பு எங்களோடதுன்னு சொல்லித்தான் ஆகணும்."

பந்தல் வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டது. சன்னலுக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். அண்ணி, ரீமின் அம்மா உம்மு ரீம், அங்கிருந்து பேசினார்.

"அவரு தூங்கல, ஹாயல். அப்படிச் சொல்லாத. எம்பொண்ணுங்க கேட்டுக்கிட்டிருக்காங்க."

"அண்ணி, கூட இருந்தவனே..."

"அப்ப அவன் சொல்லட்டும். நாயிஃபு! அவரு வண்டிய ஓட்டிக்கிட்டே தூங்கினத நீ கண்ணால பாத்தியா?"

இருமினேன். நெற்றித் தையலைத் தொட்டுக்கொண்டு, மயக்கம் வருகிறவன் போலத் தலையைக் குனிந்தேன். "விடுங்க அண்ணி, அடிபட்டவன்," என்றார் ஹாயல். அந்த இரக்கத்துக்கு நான் செத்திருக்கலாம்.

அப்போதுதான் வாசலில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. அதிலிருந்து தடியூன்றிய கிழவர் ஒருவரும் அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். யாரோ மெல்லச் சொன்னார்கள்: "தலாலோட அப்பா."

பந்தல் மொத்தமும் எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். முஃப்லிஹ்தான் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"உங்க ஆளுக்கு ஆண்டவன் கருணை காட்டட்டும்," என்றார் கிழவர்.

"உங்க பிள்ளைக்கும்," என்றார் ஹாயல்.

உட்கார வைத்தார்கள். கசப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினார்கள். கிழவர் வாங்கினார். குடிக்கவில்லை. குனிந்து தன் காலடியில் தரையில் வைத்துவிட்டார்.

வந்தவன் காபியைத் தரையில் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான். கேட்டது கிடைக்காமல் அவன் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

"குடிங்க ஐயா," என்றார் ஹாயல். "நீங்க எதக் கேட்டாலும் குடுத்தாச்சுன்னு வச்சுக்குங்க."

"பணங்காசு எனக்கு வேணாம். எம்புள்ள எப்படிச் செத்தான்னு பாத்தவன் ஒருத்தன்தான் உசுரோட இருக்கான். அவன் வாயால கேக்கணும். கேட்டுட்டுக் குடிக்கிறேன்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. தப்பிக்க வழி இருந்தது. 'நான் பின்னால் படுத்திருந்தேன், பார்க்கவில்லை' என்றால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆண்டவன் மேல் ஆணை. ஆனால் கிழவர் என்னைப் பார்க்கவில்லை, கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நான்தான் ஓட்டினேன்," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"நான்தான் ஓட்டினேன் ஐயா. ரெண்டு நாள் வரிசையில நின்னு அண்ணன் அசந்துபோயிருந்தாரு. பின்னால படுக்கச் சொல்லி நான்தான் கெஞ்சினேன். ஃபிளாஸ்க் மூடியத் திருகக் குனிஞ்சேன். நிமிந்தப்ப உங்க புள்ள வண்டி முன்னால நின்னுச்சு. நான் ஊந்து அவன்கிட்டப் போனப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டான். அவனோட வண்டித் தண்ணி ரோடெல்லாம் ஓடுது, அதையே கையில அள்ளிக் குடுத்தேன். குடிச்சான். அப்புறம் இல்ல."

"அட நாயே!" முஃப்லிஹ் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "மூணு நாளா என் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தியேடா! செத்தவர் மேலயா பழியப் போட்ட?"

அட்டைப் பாதங்கள் பையிலிருந்து தரையில் விழுந்தன. ஹாயல் அவற்றைப் பார்த்தார். பிறகு முஃப்லிஹின் கையைப் பிடித்து விலக்கினார்.

"என் பந்தல்ல எவனும் இவன் மேல கை வைக்கக் கூடாது. வெளிய போற வரைக்கும் இவன் என் பொறுப்பு. வெளிய போனப்புறம் எம்மூஞ்சியில முழிக்கக் கூடாது."

கிழவர் குனிந்து கோப்பையை எடுத்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தடியை ஊன்றி எழுந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"கேட்டது கெடச்சுது. தண்ணி குடுத்ததுக்கு ஆண்டவன் கூலி குடுப்பான். எம்புள்ள உசுரு வேற. நாளைக்கு உன் அண்ணன்மாரோட வா. பேசுவோம்."

என்ன பேசுவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

அவர் போனதும் சன்னல் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது. கோபம் இருக்கும் என்று குன்றிப்போய் நின்றேன்.

"நாயிஃபு. அவரு பின்னால படுத்துத் தூங்கினாரா?"

"ஆமா அண்ணி."

"நெசமாவே தூங்கினாரா, இல்ல கண்ண மூடிக் கெடந்தாரா?"

"கொறட்ட விட்டாரு அண்ணி. சஃபாவி தாண்டியும் முழிக்கல."

மூன்று நாளாக அழாமல் இருந்த அண்ணி அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார். ரீமும் அவள் தங்கைகள் மூன்று பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

நான் பந்தலின் ஓரத்துக்குப் போய் என் பெரிய அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை நம்பர் தப்பாகப் போனது. மூன்றாவது தடவை அவர் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. "சொல்லுடா, சாப்பிட்டியா?" என்றார்.