படத்தின் சொந்தக்காரர்

யசிந்தா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் சிமியோன் நண்டு வலை போடுகிறவர். தாய் இல்லை. ஏழு வருடம் கோயிலடி முன்பள்ளியில் படிப்பித்தாள். தமிழும் இங்கிலிசும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஒரு கொம்பனி விளம்பரம் போட்டபோது அவளும் விண்ணப்பித்தாள், இணுவிலில் இருந்து நானும் விண்ணப்பித்தேன். ஒரே நாளில் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஆகையால் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி நான் என் கண்ணால் கண்டது, மிச்சம் அவள் சொல்லிக் கேட்டது.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கதவில் பெயர்ப்பலகை கிடையாது. யாருக்காக வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். உலகத்தில் பாதிச் சனம் கண் விழித்தவுடன் திறந்து பார்க்கிற இணையத்தளம் அது. எங்கள் கந்தோரில் அதற்குப் பெயர் ‘வாடிக்கையாளர்’. அந்தக் காலத்துப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லாதது மாதிரி நாங்களும் சொல்லாமல் இருந்தோம்.

வேலை இதுதான். தமிழில் யாராவது போட்ட படத்தைப் பற்றியோ எழுத்தைப் பற்றியோ முறைப்பாடு வந்தால் அது எங்கள் திரைக்கு வரும். இருபது விநாடிக்குள் ‘வை’ அல்லது ‘அழி’ என்று அமத்த வேண்டும். அதற்கு ஒரு விதிப்புத்தகம். அதை எழுதியவர்கள் ஒரு சாவீட்டுக்கும் போயிருக்கமாட்டார்கள். செத்த உடல் தெரிந்தால் வன்முறை, அழி என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்து, கனடாவில் நிற்கிற பிள்ளைகள் பார்க்கட்டும் என்று போடாத குடும்பம் எது? எல்லாவற்றையும் அழித்தோம். ஒரு தாய் தன் குழந்தையின் படத்துக்குக் கீழே ‘கடிச்சுத் தின்னவேணும் போல கிடக்கு’ என்று எழுதியிருந்தாள். அதையும் அழித்தோம்.

சுவரில் ‘மனிதர்கள்தான் எமக்கு முதல்’ என்று ஆளுயர எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பார்க்கக்கூடாததை நாள் முழுக்கப் பார்த்து மனம் கலங்கினால் போய் இருக்க ஒரு சின்ன அறையும் இருந்தது. அங்கே பெரிய திரையில் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். குருநகர்ப் பிள்ளைக்கு மீன் காட்டி ஆறுதல் சொன்ன கொம்பனி அது.

போன வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, யசிந்தாவின் திரையில் ஒரு படம் வந்தது. கலியாண வீட்டில் எடுத்த படம். மாம்பழ நிறச் சேலை கட்டிய ஒரு பெண், வயது இருபத்திமூன்று இருக்கும். ‘வடக்கின் உண்மை முகம்’ என்ற பக்கம் அதைப் போட்டிருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: ‘கொடிகாமம் சரக்கு. பாமசியில நிக்கிறது. வேணுமெண்டவை எடுங்கோ.’ பிறகு ஒரு தொலைபேசி இலக்கம்.

யசிந்தா ‘அழி’ என்று அமத்தினாள். மூன்று விநாடிகூட எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் தீர்ப்புகளைச் சரிபார்க்கக் கடலுக்கு அப்பால் தர மேசை என்று ஒன்று இருந்தது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க மெசின் வைத்திருந்தார்கள். மெசின் ‘சரக்கு’ என்றதை விற்பனைப் பொருள் என்று பெயர்த்திருந்தது. ஆகவே அது வணிக விளம்பரம். வியாபாரியின் இலக்கம் பகிரங்கமானது, அதனால் அதிலும் பிழை இல்லை. படம் இருக்கலாம். யசிந்தாவின் பெயருக்கு நேரே ஒரு பிழைப் புள்ளி.

அவள் எங்கள் மேலாளர் கிறிஸ்ரோபரிடம் போனாள். அவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

“சரக்கு எண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்று கேட்டாள்.

“தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது? தர மேசை சொன்னாச் சொன்னதுதான்.” அவர் திரையில் இருந்து முகத்தை எடுக்கவில்லை. “உங்கடை சரித்தன்மை தொண்ணூறுக்குக் கீழை போகப்போகுது யசிந்தா. முதல்லை அதைப் பாருங்கோ.”

அவள் கதிரைக்குத் திரும்பி வந்தபோது எங்களுக்கு ஏன் இந்த வேலை என்று நானும் ஒரு வார்த்தை சொன்னேன். நல்ல புத்தி சொல்கிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் அடுத்த முறைப்பாட்டைத் திறந்தாள்.

சனிக்கிழமை கொடிகாமம் பஸ் ஏறினாள். திரையில் கண்ட ஆளைத் தேடிப் போவது எங்கள் ஒப்பந்தத்தில் முதலாவது குற்றம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கொடிகாமத்தில் பாமசி என்று எத்தனை மருந்துக்கடை இருக்கப்போகிறது? இரண்டாவதில் விசாரித்தபோது, பிரசாந்தி பத்து நாளாக வரவில்லை, இது அடங்குமட்டும் லீவில் நிற்கச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். அடங்கவேண்டியது எது என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீடு சந்தைக்குப் பின்னால் இருந்தது. தகப்பன் நமசிவாயம் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு ஏற்றிவிடுகிறவர். படலையைத் திறக்காமலே நின்று, ஆர் நீங்கள் என்று கேட்டார். முந்திய கிழமை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று சிரித்துவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போவதையே விட்டிருந்தார்.

“நான் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி அமத்தினனான், ஐயா,” என்றாள் யசிந்தா. “அவை விடேல்லை.”

அவர் படலையைத் திறந்தார்.

பிரசாந்தி அழவில்லை. அழுது முடித்திருந்தாள் போல. முதல் நாள் அறுபத்தொரு அழைப்பு, பிறகு போனை நிற்பாட்டி வைத்துவிட்டாள். படத்தைப் போட்டவன் யார் என்று அவளுக்குத் தெரியும். சந்தைக்கு வந்துபோகிற ஒருவன். பின்னாலே திரிந்தான், அவள் முடியாது என்றாள், அவ்வளவுதான். தளத்துக்குப் பதினான்கு தரம் முறைப்பாடு செய்திருந்தாள். பதினான்கு தரமும் ஒரே பதில். அதை யசிந்தாவிடம் காட்டினாள். ‘உங்கள் பாதுகாப்பு எமக்கு மிக முக்கியம். இந்தப் பதிவு எமது சமூக நெறிகளை மீறவில்லை. இந்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது?’ அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன, அவள் புள்ளி போடுவதற்கு.

யசிந்தா அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு, இந்தப் படம் ஆர் எடுத்தது என்று கேட்டாள்.

தமக்கையின் கலியாணத்தில் எடுத்தது, சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற ஆழ்வாப்பிள்ளை எடுத்தது என்றாள் பிரசாந்தி. நமசிவாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது. மானம் போய்க்கொண்டிருக்கிறது, படம் பிடித்தவனைப் பற்றி இப்போது என்ன கதை என்றார்.

யசிந்தா அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒருவரின் மானம் போகிறது என்று முறைப்பாடு வந்தால் அது எங்களைப் போல ஆட்களிடம் வரும், வந்து இப்படித்தான் போகும். ஒருவரின் சொத்தைக் களவெடுத்துப்போட்டார்கள் என்று வந்தால் அது வேறு வழியால் போகும். அங்கே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். படக் கொம்பனிகளும் பாட்டுக் கொம்பனிகளும் வழக்குப் போடும் என்ற பயத்தில், முதலில் தூக்கிவிட்டுத்தான் பிறகு கேள்வி கேட்பார்கள்.

“உங்கடை மகளை அவைக்குத் தெரியாது. ஆனா படத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் எண்டா பயப்பிடுவினம்,” என்றாள்.

மூன்று பேருமாகச் சந்திக்கு நடந்தார்கள். பிரசாந்தி பத்து நாளுக்குப் பிறகு அன்றுதான் தெருவுக்கு வந்தாள்.

ஆழ்வாப்பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும். தென்மராட்சியில் பாதிக் கலியாணங்களைத் தான்தான் எடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறவர். அந்தப் பதிவை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், ஊரில் எல்லாரையும் போல. பிள்ளையைக் கண்டதும் தலையைக் குனிந்தார். யசிந்தா படத்தைப் பெரிதாக்கி, கீழ்மூலையில் அவருடைய ஸ்ரூடியோவின் பெயரை வெட்டி எடுத்திருப்பதைக் காட்டியபோதுதான் மனிதனுக்கு உண்மையில் சூடு பிடித்தது.

“என்ரை பேரை வெட்டினவங்களோ?” என்றார்.

பிள்ளையின் பெயரைக் கெடுத்ததற்கு வராத கோபம் தன் பெயரை வெட்டியதற்கு வந்தது. அதை யசிந்தா பிறகு எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோபம்தான் தேவைப்பட்டது. அவருடைய கொம்பியூட்டரில் அசல் படம் இருந்தது. அவர் பெயரில் யசிந்தா முறைப்பாட்டை எழுதினாள். எந்தப் பெட்டியில் எதை நிரப்பினால் வேகமாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பிரசாந்தி என்ற பெயரே அதில் இல்லை. பெண் என்ற சொல்லும் இல்லை. ‘எனது ஆக்கம் அனுமதியின்றி வெளியிடப்பட்டுள்ளது’ என்று மட்டும். ஆழ்வாப்பிள்ளை கீழே தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு அடித்தார்.

அனுப்பும்போது காலை பதினொரு மணி. இரண்டு மணிக்குப் பார்த்தபோது படம் இல்லை. பதினான்கு முறைப்பாட்டுக்கும் யசிந்தாவின் தீர்ப்புக்கும் அசையாத ஒன்று மூன்று மணித்தியாலத்தில் போய்விட்டது. அந்தப் பக்கத்துக்கு எச்சரிக்கையும் போயிருந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு கடிதமும் வந்தது.

அடுத்த கிழமை எங்கள் கந்தோரில் ‘நெறிமுறை வாரம்’ வந்தது. உண்மையாகவே அப்படி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் நெறிமுறைப் பிரிவுக்குத் தலைவி என்று ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் என்றார். பலூன் கட்டியிருந்தார்கள். ‘நம்பிக்கை’ என்று தமிழில் எழுதிய கேக் ஒன்று வெட்டினார்கள், அதிலும் ஒரு ‘க்’ விடுபட்டிருந்தது. கேள்விகள் இருந்தால் பயப்படாமல் கேளுங்கள் என்றார்.

யசிந்தா எழும்பினாள். நல்ல இங்கிலிசில், முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகக் கேட்டாள்: ஒரு படத்தை எடுத்தவர் முறைப்பாடு செய்தால் மூன்று மணித்தியாலம். அந்தப் படத்தில் இருக்கிறவர் பதினான்கு தரம் முறைப்பாடு செய்தாலும் ஒன்றும் இல்லை. ஏன்?

 அந்தப் பெண்மணி தலையை ஒருபக்கம் சாய்த்து, இது மிக மிக அருமையான கேள்வி என்றார். அதை ஒரு மஞ்சள் துண்டில் எழுதிப் பலகையில் ஒட்டினார். பிறகு எல்லாரையும் படம் எடுக்க வரச் சொன்னார்.

பின்னேரம் கிறிஸ்ரோபர் அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை, கதவும் சரியாகச் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது.

“கொடிகாமத்துப் படத்துக்குப் போன முறைப்பாடு. அதை எழுதினது நீங்களோ?”

“ஓம். நான்தான்.”

“இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லவேணும்?”

கடிதம் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. இரகசிய ஒப்பந்தத்தை மீறியது, உள்தகவலைப் பயன்படுத்தியது. வாடிக்கையாளரின் பயனாளர் ஒருவரின் அந்தரங்கத்துக்குள் நுழைந்தது என்றும் ஒரு வரி. அந்தரங்கத்தைப் பற்றி அந்தக் கொம்பனி கவலைப்பட்டதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். காவலாளி அவளைப் படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். அவள் போகும்போது நான் கையில் கேக் தட்டோடு நின்றேன்.  பிறகும் எட்டு மாதம் அங்கேயே வேலை செய்தேன். இதை எழுதுவதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

பிரசாந்தி இப்போது சாவகச்சேரியில் வேறு பாமசி ஒன்றில் நிற்கிறாள். நமசிவாயம் திரும்பவும் லொறி ஏற்றுகிறார். படத்தைப் போட்டவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ‘வடக்கின் உண்மை முகம்’ இன்னும் இருக்கிறது. முன்பைவிட ஆட்கள் கூடியிருக்கிறார்கள். கலியாணப் படங்களை மட்டும் அது தொடுவதில்லை.

யசிந்தா ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் வேலைக்குப் போகிறாள். அவளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். கொடிகாமத்துக் கதை வாய்க்கு வாய் போயிருக்கிறது. வருகிறவர்களில் அனேகம் பெண்கள். போனை நீட்டி, இதை எப்படியாவது எடுத்துத் தாங்கோ அக்கா என்பார்கள். சிலருக்கு முடிகிறது. தானே தன்னை எடுத்த படமென்றால் சுலபம், அவளே சொந்தக்காரி. அப்படி ஒன்பது பேருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் எங்கள் ஊரில் இருந்து உதயகலாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புருசனை விட்டுப் பிரிந்து தாய் வீட்டில் இருக்கிறவள். பழைய படங்களை அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறான். யசிந்தா வழமையான கேள்வியைக் கேட்டாள். அவர்தான் எடுத்தவர் என்றாள் உதயகலா.

யசிந்தா போனை மேசையில் வைத்தாள். தளத்தின் கணக்கில் அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரன் அவன்தான் என்றும், இந்த வழியால் ஒன்றும் செய்ய ஏலாது என்றும் அவளுக்குச் சொல்லவேண்டி இருந்தது. உதயகலாவுக்கு அது விளங்க நேரம் எடுத்தது. தன்னுடைய முகம்தானே என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு மூன்று பேரும் இருந்து, பதினான்கு தரம் நிரப்பினாலும் பலன் தராத அந்தப் பழைய படிவத்தை நிரப்பினோம்.