பாரம் இறக்கிய வண்டி

சுடலைராஜ் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. சேர்க்கை அன்று அய்யாவுக்கு நடவு. கூடவே வந்து, நாலு பேரிடம் விவரம் கேட்டு, வரிசையில் முன்னால் நின்றது அக்கா அருணாசலவடிவு. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள். ஆக, முதலில் மிதித்தது அவள் கால்தான்.

இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தவனுக்குக் கடைசியில் வாய்த்தது தேரிக்காட்டில். செம்மணல் குன்றுகுன்றாகக் குவிந்து கிடக்கும் இடம் அது. காற்றாலைக் காத்தாடி நிறுத்துகிற கம்பெனிக்காரர்கள், ஜீப் ஏறாத மேட்டுக்குச் சாமான் கொண்டுபோக ஏ.டி.வி. என்று ஒரு வண்டி வைத்திருந்தார்கள். பைக் மாதிரி கைப்பிடி, பலூன் மாதிரி நாலு கொழுத்த டயர். ஊர் அதற்கு டிராக்டர் குட்டி என்று பேர் வைத்தது.

“காலேசு படிச்சது இத மேய்க்கவால?” என்று டீக்கடையில் கேட்பார்கள்.

“டிராக்டரு உங்களுக்கு அடங்க மாட்டேங்கு அண்ணாச்சி. குட்டியாவது எனக்கு அடங்கட்டும்” என்பான்.

எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கேள்வி மட்டும் கூடவே வரும்.

தேரியில் வண்டி ஏற்ற ஒரு முறை உண்டு. மேட்டடியில் நிறுத்தி, பின்னால் இருக்கிற சாமானை எல்லாம் இறக்கிவிட வேண்டும். பாரத்தோடு ஏறினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்து ஆள்மேல் விழும். வெறும் வண்டியை, சீட்டைவிட்டு எழுந்து, நெஞ்சைக் கைப்பிடிமேல் சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் ஏற்ற வேண்டும். சாமானைப் பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். செய்து செய்து, மேட்டைக் கண்டாலே அவன் கை கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிடும்.

மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக அந்த மழை கொட்டியது. குளங்கள் உடைந்து, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் நின்றது. அக்கா வாக்கப்பட்ட ஊரும் அங்கேதான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, தூத்துக்குடிக்கு வந்துதான் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். மழை தொடங்கியதிலிருந்து வர முடியவில்லை.

அத்தான் தளவாய் போனில் கூப்பிட்டார். “மாப்ள, வீட்டுக்குள்ள தண்ணி, மச்சியில ஏறிக் கெடக்கோம். ஒங்க அக்காவுக்கு மூஞ்சி வீங்கிட்டு. படுக்க முடியலங்கா, மூச்சு முட்டுது. எதாவது செய்யி.” அதோடு போன் அணைந்தது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

அவன் கேட்டதும் கம்பெனி எஞ்சினியர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார். சிநேகிதன் வேல்ராஜ் தன் லோடு வேனில் வண்டியை ஏற்றி, கூடவே அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் போட்டுக்கொண்டான். தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டி, சுற்றிச் சுற்றிப் போனார்கள். ஒரு குளத்தங்கரையோடு ரோடு முடிந்திருந்தது. அங்கே வண்டியை இறக்கி, மூட்டைகளைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். கரை அரித்துப்போய்ச் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. சுடலைராஜின் கை தன்னால் கயிற்றை அவிழ்த்தது. அரிசியும் கேனும் கீழே நின்றன. வெறும் வண்டியை ஒரே மூச்சில் மேலே ஏற்றிவிட்டான்.

கரைமேல் நின்றால் அந்தப் பக்கம் அக்கா வீடு தெரிந்தது. இடையில் கலங்கல் தண்ணீர். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு ஆள். பக்கத்தில் அத்தான் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டிருந்தார்.

“மூட்டையக் கயித்துல இழுத்துருவமா?” என்றான் வேல்ராஜ்.

“கெடக்கட்டும்ல. வண்டி லேசா இருக்கட்டும்.”

சொன்னது அவன்தான். மிதப்பு விதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷனில் நடத்தியதும் அவன்தான். அந்த நேரம் தேரிப் பழக்கம் மட்டும்தான் கையில் இருந்தது.

வண்டியோடு தண்ணீரில் இறங்கினான். சக்கரம் மூழ்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, சீட்டைத் தொட்டது. எஞ்சின் நிற்கவில்லை. போய்விடலாம் என்று நினைத்தான். அப்போது பின்பக்கம் மெல்லத் தூக்கியது. டயர்கள் சுற்றின, ஆனால் தரையைத் தொடவில்லை. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். வண்டி காலிக் குடம் மாதிரி மிதந்து, தண்ணீர் இழுத்த பக்கம் திரும்பியது.

“விட்டுட்டுக் குதிலே” என்று வேல்ராஜ் கத்தியது கேட்டது.

உடைமர முட்புதரில் மோதி வண்டி கவிழ்ந்தது. முள்ளைப் பிடித்துத் தொங்கியவனுக்கு வேல்ராஜ் கயிறு வீசி இழுத்துப் போட்டான். உள்ளங்கை கிழிந்திருந்தது. நீந்திப் போகலாம்தான், ஆற்றங்கரைப் பிள்ளை அவன். போய் என்ன செய்ய? வெறுங்கையோடு அவள் முன்னால் நிற்கவா?

தூத்துக்குடியிலிருந்து லாரியில் படகு வருகிறது என்று யாரோ சொன்னார்கள். காத்திருந்தார்கள். சுடலைராஜ் கரையில் குந்தியபடி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு வீசுகிறவரை அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டான்.

வெயில் சாய்கிற நேரம் துண்டு நின்றது. அத்தான் நாற்காலிப் பக்கம் குனிந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அத்தானுக்குக் கை கடுத்திருக்கும்” என்றான் சுடலைராஜ்.

வேல்ராஜ் எழுந்தான். தள்ளிப் போய், வேன் நின்ற பக்கம் பார்த்து நின்றுகொண்டான்.

படகு வந்தது. கடல்காரர் கிருபை தன் ஆட்களோடு போய், நாற்காலியோடு அக்காவைக் கொண்டுவந்தார்; அத்தானும் கூடவே வந்தார். முகத்தை அந்தத் துண்டு மூடியிருந்தது. வழுக்குகிற கரையில் நாற்காலியை மேலே ஏற்ற நாலு பேர் வேண்டும்.

“சொந்தக்காரவுக யாரு?” என்று கேட்டார் கிருபை.

“தம்பி.”

“நாக்காலியோட இந்தக் காலப் பிடிங்க. மெதுவா.”

பிடித்தான். எதிரே இன்னொரு காலைப் பிடித்திருந்த அத்தான், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நீ தண்ணியில எறங்குனத அவ பாத்தா. ‘தம்பி வாரான்’னு சொன்னா.”

மூட்டைகள் இருந்திருந்தால் சக்கரம் தரையில் பதிந்திருக்குமா, இல்லை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் மிதந்திருக்குமா, அவனுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

“பொறவு என்ன சொன்னா?” என்றான்.

அத்தான் நாற்காலியை உயர்த்தினார். அவனும் உயர்த்தினான்.