இறக்கத்து டீசல்

கேரள எல்லை மலையான கம்பம்மெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் வளைவு வந்ததும் என் அண்ணன் சாவியைத் திருப்பி ஜீப்பின் இஞ்சினை அணைத்துவிடுவார். கியர் நியூட்ரலுக்குப் போகும். அதுவரை உறுமிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று வாயடைத்து, தன் பாரத்திலேயே கீழே இறங்க ஆரம்பிக்கும். டயர் உரசுகிற சத்தமும் காற்றும்தான் காதில் விழும். பகல் முழுக்க ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிற நாங்கள், அந்த அமைதி வந்ததும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொள்வோம். எத்தனையோ சாயங்காலம் அந்த இறக்கத்தில் நான் சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

அண்ணன் மட்டும் செய்த காரியமில்லை அது. கம்பத்திலிருந்து விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிற ஜீப் எல்லாமே திரும்பும்போது அப்படித்தான் இறங்கும். வண்டி முதலாளிகள் வாரத்துக்கு இவ்வளவு டீசல் என்று அளந்துவிடுவார்கள். அதற்குள் ஓட்டுகிறவன் கெட்டிக்காரன், ஓட்டாதவனுக்கு வேலை இல்லை. “ஏத்தத்துல குடிச்சத எறக்கத்துல கக்க வைக்கணும்” என்பது டிரைவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற பேச்சு. டீசல் விலை ஏறினால் எங்கள் பள்ளத்தாக்கில் தக்காளிப் பெட்டி முதல் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் வாடகை வரைக்கும் எல்லாம் ஏறும், எங்கள் கூலி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். டீசல் பற்றாமல் போனால் ஜீப் வாடகையைக் கூட்டிக் கூலியில் பிடிப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் இஞ்சின் அணைவதைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. தூங்கினோம்.

தூங்காத ஒருத்தி மதினி. அண்ணனின் மனைவியானதால் முன்சீட்டில் அவருக்கு அடுத்த இடம் அவளுக்கு. அந்த ஜீப்பில் கியர் கம்பி அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் அவர் கியர் மாற்றும்போதெல்லாம் காலை ஒதுக்கிக் கொடுப்பாள். இறக்கத்தில் ஒதுக்க வேண்டிய வேலையே இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை என்று பின்னாளில் சொன்னாள். வீட்டில் இதற்காக அவர்களுக்குள் சண்டை நடப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அண்ணன் கோபக்காரர் இல்லை. ஆனால் வண்டி விஷயத்தில் பெண்பிள்ளை பேசுவது அவருக்குப் பொறுக்காது. மதினியும் விடுகிற ஆள் இல்லை, நாலு நாள் பேசாமலிருந்து மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

அண்ணன் மகன் இப்போது குமுளியில் ஒரு விடுதிக்குப் பேட்டரி கார் ஓட்டுகிறான். போன மாதம் அதில் என்னை அதே மெட்டு வழியாகக் கூட்டி வந்தான். அதே அமைதி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்குகிறது, இறங்க இறங்க பேட்டரி ஏறுகிறது. திரையைக் காட்டி, “பாருங்க அத்தை, மலை நமக்கு கரண்ட் தருது” என்றான். அன்றைக்கு டிரைவர்களும் மலையிடம் கேட்டது இதைத்தானே என்று தோன்றியது. இந்த வண்டிக்கு வேகத்தைக் குறைப்பதிலேயே மிச்சம் கிடைக்கிறது. நாங்கள் வேகத்தை அவிழ்த்துவிட்டு மிச்சம் பிடித்தோம், பிரேக்கைத் தேய்த்து டீசலைச் சேர்த்தோம். பையன் நிதானமாகத்தான் ஓட்டினான். ஆனாலும் கீழே வந்து சேரும்வரை கதவுக் கைப்பிடியை நான் விடவில்லை.

காரணம், அந்த ஜீப் காலத்தில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். பாதி இறக்கத்தில் ரப்பர் தீய்ந்தது போல ஒரு வாடை வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது பக்கத்து மரங்கள் வழக்கத்தை விட வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை. கீழ் வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. அவர் சாவியைத் திருப்பிக் கியரைப் போடப் பார்த்தார். பல்சக்கரம் கறகறவென்று கத்தியதே தவிர விழவில்லை. யாரோ சாமி பேரைச் சொன்னார்கள். மதினி இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கிக்கொண்டாள். கம்பிக்கு இடம் கிடைத்தது. மறுபடி போட்டதில் கியர் விழுந்து வண்டி முன்னுக்குக் குலுங்கியது, இஞ்சின் அலறியது. மலைப்பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினார். பஸ் எங்களைக் கடந்து போனது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. மறுநாளே பிரேக்கை மாற்றி வண்டி வந்துவிட்டது. நாங்களும் ஏறினோம், கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? சாயங்காலம் மெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் மதினி வண்டியில் ஏறாமல் நின்றாள்.

“நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் நடந்து வாரேன்” என்றாள்.

அண்ணன் முதலில் சிரித்தார். அவள் நடக்க ஆரம்பித்ததும் அவர் முகம் கறுத்தது. நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மூட்டுவலிக்கார அக்கா ஒருத்தி மட்டும், “என்னைய விட்ருங்கடி ஆத்தா, செத்தா வண்டியிலேயே செத்துக்கிறேன்” என்று உட்கார்ந்துகொண்டாள். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். மற்ற ஜீப்புகள் இஞ்சின் சத்தமில்லாமல் எங்களைத் தாண்டிப் போயின. “என்ன மாப்ள, ஊர்வலமா?” என்று ஒரு டிரைவர் கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் இஞ்சினைப் போட்டு, முதல் கியரில் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். கீழே கம்பத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஊரறிய ஓர் ஆண்பிள்ளையை இப்படித் தலைகுனிய வைத்தால் இரவு வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம்.

பல வளைவு தாண்டிய பிறகு ஜீப் நின்றது.

“ஏறுங்க. இனி ஆஃப் பண்ண மாட்டேன்” என்றார்.

மதினி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “நாளைக்கு?”

“நாளைக்குந்தான்.”

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். நாங்கள் இரைச்சலோடு வீடு வந்தோம், ஒருத்தரும் தூங்கவில்லை. ஆனால் அளந்துவிட்ட டீசல் வாரக் கடைசி வரைக்கும் வரவில்லை. முதல் வாரம் முதலாளி முறைத்தார். அடுத்த வாரம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் அண்ணனோடு போயிருந்தேன். “அதே ரோடு, அதே ஆளுக, ஒன் வண்டி மட்டும் ஏன் குடிக்குது?” என்று கேட்டார். அண்ணன் இறக்கத்திலும் இஞ்சினை ஓடவிடுவதைச் சொன்னார். முதலாளி நம்பவில்லை. வழியில் டீசலை உறிஞ்சி விற்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை அப்படியே முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அண்ணன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஊர் உயிரை மிச்சம் பிடித்தவருக்குத் திருடன் என்று பேர். எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மதினியின் பிடிவாதத்தால் வந்த வினை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயந்தபடியே நான் பின்னால் நடந்தேன். மதினி அடுப்படியில் இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “வேலை போச்சு. டீசல வித்துட்டேன்னு சொல்லிட்டாக” என்றார்.

அவள் உட்கார்ந்து தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட ஆரம்பித்தாள்.

“வேலைதான போச்சு? நீங்க வந்துட்டீகள்ல. கைய கழுவிட்டு வாங்க.”