லிஃப்டுக்குள் வந்த போன்

பாறசாலையிலிருந்து தினமும் திருவனந்தபுரம் வந்து, வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது என் வேலை. ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் டிப்போவில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அவர்கள் ஏரியாவும் என் தலையில் விழுந்தது.

அன்று மதியம் ஓர் அடுக்குமாடியில், நடை மிச்சமாகட்டும் என்று எல்லாப் பெட்டிகளையும் ஒரே தடவையில் பழைய லிஃப்டில் அடுக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடி தாண்டியதும் அது குலுங்கி நின்றது. விளக்கும் அணைந்தது. திரும்பக்கூட இடமில்லை. அலாரத்தை அழுத்தினேன், யாரும் வரவில்லை. டிப்போவுக்குப் போன் போட்டேன்.

"அனுப்ப ஆளில்லல்லோ செல்வி, கொஞ்சம் பொறு" என்றார் சூப்பர்வைசர்.

மூச்சு முட்டியது. அழுதுவிட்டேன். அப்போது போன் அடித்தது. "என் பார்சல் எங்கே? எத்தனை நேரம் காத்திருப்பது?" என்று ஒரு பெண் மலையாளத்தில் சீறினார்.

"உங்க பில்டிங் லிஃப்டுலதான் மாட்டிக்கிட்டு நிக்கேன் சேச்சி."

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் போனை வைத்தார். பிறகு படியில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் சாவி போட்டுக் கதவைத் திறக்க, என் கையைப் பிடித்து வெளியே இழுத்தவர் அந்தச் சேச்சிதான்.

இப்போதெல்லாம் இரண்டாள், மூன்றாள் சுமை தந்தால், "ஒரு ஆளுக்குள்ளது மட்டும் தாங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். மீதிப் பெட்டிகள் டிப்போவிலேயே கிடக்கட்டும்.