அங்கிட்டு மழையாண்ணே?

போன வாரம் போடிமெட்டுக்கு மேலே சையது அண்ணனின் ஏலத்தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். நாலைந்து நொடி சத்தமே இல்லை. உங்களுக்கு அது வெறும் மௌனம். அது எதற்காக விட்ட இடம் என்று எனக்குத் தெரியும்.

போடியில் ஏலக்காய்க் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சட்டையை எத்தனை துவைத்தாலும் வாசனை போகாது. பஸ்சில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்னைப் பாயசம்போல மோந்து பார்ப்பார்கள். மலையிலிருந்து ஜீப்பில் லோடு இறங்கியதும் தோட்டக்காரருக்குப் போன் போட்டுச் சொல்வது ரகமத் அக்காவின் வேலை. சையது அண்ணனின் மனைவி. மலைக்குப் பேசினால் முதலில் மழையைக் கேட்க வேண்டும். நான் ஒருமுறை கேட்க மறந்து, "என்னப்பா, சண்டைக்கு வந்தவனாட்டம் பேசுற?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கம்பெனி மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட முதலாளிக்கு ஆசை வந்தது. சரக்கு வரவு, தரம் பிரிப்பு, விற்பனை எல்லாம் ஒரே சாப்ட்வேரில். எங்களில் ஒருவனுக்கும் அது எழுதத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து காண்ட்ராக்டில் ஆள் பிடித்தார். இனி போனும் தானாகவே போகும் என்று அக்காவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

"மழையெல்லாம் எதுக்குங்க, நேரா விஷயத்துக்கு வந்துருங்க" என்றான் வந்தவர்களில் ஒருவன்.

அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "மழையக் கேக்காம எப்படித் தம்பி? அவுக பதில் சொல்லவும் கொஞ்சம் எடம் விடு."

விட்டான். "அண்ணே, அங்கிட்டு மழையா?" பிறகு அந்த இடைவெளி. "சரிண்ணே, உங்க சரக்கு வந்து சேந்துருச்சு." இயந்திரம் என்று தெரிந்தும் மலையில் எல்லோரும் பதில் சொன்னார்கள். யானை வந்த கதையை ஆரம்பித்தவர்கள், முடிக்க விடவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். சையது அண்ணனுக்கும் அதே அழைப்புதான். "கட்டுனவனப் போயி அண்ணேங்குறா பாரு" என்று ஆபீசுக்கே வந்து சண்டை பிடிப்பார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

காய்ச்சலில் படுத்த அக்கா எழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளும் அந்தக் குரல் மழை கேட்டது. மலையில் சிலர் போனைக் கீழே போட்டார்கள். குரலை எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. எப்படி எடுப்பது? காண்ட்ராக்டுக்கு வந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், நம்பரும் மாறிவிட்டது. எங்கள் கம்பெனியை நடத்திய சாப்ட்வேரின் சாவி எங்கள் கையில் இல்லை.

சையது அண்ணன் மட்டும் அதற்குச் சந்தோஷப்பட்டார். மொத்தமாக இறக்க வேண்டிய காயை ஒவ்வொரு சாக்காக அனுப்பினார். ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு அழைப்பு. "அந்தக் கொரல மாத்திப்புடாதீக அப்பு. வீட்ல வேற சத்தமே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில வருஷம் ஓடியது. பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துக்கொள்ள, வேறு காண்ட்ராக்டர்கள் வந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். அக்காவின் பதிவையாவது தேடித் தரும்படி கெஞ்சினேன். கிடைக்கவில்லை. மழைக் கேள்வி தேவையில்லை என்று விட்டுவிட்டவர்கள், பதிலுக்கான இடைவெளியை மட்டும் எதற்கென்று புரியாமல் அப்படியே வைத்துவிட்டார்கள்.

அண்ணன் இன்னும் ஒவ்வொரு சாக்காகத்தான் அனுப்புகிறார். போன வாரம் அந்த மௌனம் வந்ததும் போனை வாயருகே கொண்டுபோனார்.

"மழ இன்னும் எறங்கல ரகமத்து. செடியெல்லாம் காயுது."

"வணக்கம்" என்று யாரோ ஒரு பெண்ணின் குரல் தொடங்கியது. அண்ணன் போனை அணைத்துவிட்டார்.