யாருக்கும் வேண்டாத மெட்டு

எழுபதுகளின் கடைசியில் துபாயின் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். மனைவி விசிட் விசாவில் வந்திருந்தாள். விசா முடியச் சில நாட்களே இருந்தன. நீட்டிப்பதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் ஸ்காட்லாந்துக்காரர். கையெழுத்துக் கேட்டுப் போனால் கடித்துக் குதறிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவசரமாக ஒரு டிராயிங் கேட்டு அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வயலினில் நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு காருக்கு ஓடித் தன் பிடிலை எடுத்துவந்து, ஷூக்காலால் தரையை உதைத்துக்கொண்டே அதே மெட்டை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தார். சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி முகம் சுளித்தாள்.

பாட்டு யாருடையது என்று இருவரும் முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்தேன். முட்டிக்கொள்ளத்தான் செய்தார்கள், ஆனால் தலைகீழாக.

"இது உங்க பாட்டு சார்" என்றாள் மனைவி. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டில் கேட்ட மெட்டுக்குத்தான் நம்மவர்கள் அம்பாள் மேல் சாகித்தியம் போட்டார்களாம். அவளுடைய குரு சொன்னது.

"இல்லவே இல்லை, உங்களுடையது" என்றார் அவர். அவருடைய தாத்தா, பையை அக்குளில் இடுக்கிப் பைப் ஊதுகிறவர். ஒரு மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாமல் ஊதவே மாட்டாராம். இது மதராஸிலிருந்து திரும்பிய சிப்பாய் கொண்டுவந்தது என்று அவரே சொன்னாராம்.

"அப்போ என் குரு பொய் சொன்னாரா?"

"அப்படியென்றால் என் தாத்தா பொய்யரா?"

நான் மனைவியிடம் கிசுகிசுத்தேன்: "ஓசியில குடுக்கிறார், வாங்கிக்கயேன். விசா இருக்கு."

"நம்மளுது இல்லாததை எப்படிங்க வாங்கிக்கிறது?"

அவள் ஒத்துக்கொண்டதாக அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "நோ சார்! யுவர்ஸ்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வயலின் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மனிதர் முகம் சிவந்து, டிராயிங்கை எடுக்காமலே போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள், அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார். "இந்த வழக்கு தீராமல் உன் மனைவி எங்கும் போகக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். "தீர்ந்த பிறகு தாராளமாகப் போகட்டும்."

அதன்பின் வெள்ளிதோறும் பிடிலோடு வந்துவிடுவார். சண்டை போடுவார்கள், சேர்ந்து வாசிப்பார்கள், மறுபடி சண்டை போடுவார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த நீட்டிப்பு நெருங்கிய வாரம், டீயை ஆற்றியபடி அவர் மெல்லச் சொன்னார்: "யோசித்துப் பார்த்தால், தாத்தா தப்பாகச் சொல்லியிருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேச்சே, உங்க தாத்தாவா? இருக்கவே இருக்காது சார்!"